செவ்வியல் பியானோவிலிருந்து கிளப் மேடைக்கு: ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் பியானோ கற்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலர். ஏபிஆர்எஸ்எம் எனும் பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் எட்டாம் நிலைத் தேர்வை முடித்து, அதற்கு மேல் டிப்ளோமாவும் பெற்று, பாக், பீத்தோவன், ஷோப்பன் ஆகியோரை மனப்பாடமாக வாசிக்கக்கூடிய இளையர்களில் கணிசமானோர், வார இறுதி இரவுகளில் கேட்கும் ஹவுஸ், டெக்னோ எனும் மின்னணு நடன இசை வகைகளையும் அதே அளவு நேசிக்கிறார்கள். இவ்விரண்டையும் ஒரே மேடையில் தாமே வாசிக்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். வாசகருக்குப் பியானோ நன்றாகத் தெரியும், மின்னணு இசை புதிது என்பதே இதன் அடிப்படை.

புகழ்பெற்ற ஒரு மெட்டின் அடியில் டிரம் ஓசையை ஒட்டவைப்பதை நான் இணைப்பாகக் கருதுவதில்லை. அப்படிச் செய்தால் செவ்வியல் ரசிகருக்கும் நிறைவு இராது, ஆட வந்தவருக்கும் நிறைவு இராது. கிளப்பில் வாசிக்கும் பியானோ கலைஞர் இரண்டை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்: கீழ்ச் சுரங்களில் பியானோ ஒலியின் ஆதிக்கம், காலத்தை விருப்பம்போல் நீட்டிச் சுருக்கும் உரிமை. இரண்டை எக்காரணத்திற்காகவும் விடக்கூடாது: விரலின் தொடுகையால் பிறக்கும் நாதத்தின் நிறம், இசையை நீண்ட வாக்கியமாக யோசிக்கும் பழக்கம். கீழே வரும் படிகள் யாவும் இந்த நான்கையும் பற்றியவையே.

இம்முயற்சிக்கு முன்னோடிகள் உண்டு. 1987இல் டெட்ராய்ட் நகரின் டெரிக் மே வெளியிட்ட ‘ஸ்டிரிங்ஸ் ஆஃப் லைஃப்’ பியானோ கோர்டுகளின் வலிமையிலேயே நடன அரங்குகளை ஆட்டிவைத்தது. அதில் தனியாக ஒரு பேஸ் (தாழ்ந்த சுர) வரிசையே இல்லை என்பதைப் பியானோ கலைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 2005இல் அதே நகரத்தவரான ஜெஃப் மில்ஸ், பிரான்சின் போன் டு கார் பாலத்தருகே மோன்பெலியே இசைக்குழுவுடன் சேர்ந்து தம் டெக்னோ படைப்புகளை வழங்கினார். லக்சம்பர்க்கில் பிறந்து நியூயார்க்கின் ஜூலியார்ட் பள்ளியில் பயின்ற ஃபிரான்செஸ்கோ டிரிஸ்டானோ, பாக்கையும் டெக்னோவையும் தம் கலை வாழ்வில் அருகருகே வைத்து வளர்த்து வருபவர். டெரிக் மேயின் அந்தப் படைப்பையே பியானோவில் பதிவு செய்திருக்கிறார். தொடங்குமுன் இம்மூவரையும் கேட்டுவிடுங்கள்.

முதல் படி: கேட்டு எண்ணுதல்

ஹவுஸ் இசை பெரும்பாலும் நிமிடத்திற்கு 120 முதல் 128 பீட் வரையிலும், டெக்னோ அதைவிடச் சற்று விரைவாகவும் செல்லும். ஒவ்வொரு பீட்டிலும் கிக் எனும் கனத்த டிரம் அடி, இரண்டாவதிலும் நான்காவதிலும் கைத்தட்டல் ஓசை, பீட்டுகளின் நடுவே ஹைஹேட் எனும் சிறு தாளத்தட்டின் ஓசை என்பது அடிப்படை அமைப்பு. இதன் எளிமை செவ்வியல் பயிற்சி பெற்றவரை ஏமாற்றிவிடும். மாற்றங்கள் பீட்டுக்குப் பீட்டு நிகழாமல் 8, 16, 32 பார்கள் கடந்தே நிகழ்கின்றன. அந்த நீண்ட அளவில் காது கேட்கப் பழக வேண்டும். உங்களுக்குப் பிடித்த சில பாடல்களை எடுத்து, கிக் எந்தப் பாரில் நுழைகிறது, எந்தப் பாரில் விலகுகிறது, எத்தனை பார்கள் கழித்துத் திரும்புகிறது என்பதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கர்நாடக இசைக் கச்சேரிகளில் கையால் தாளம் போட்டு வளர்ந்தவர்களுக்கு இது எளிதாக வரும். ஆவர்த்தனங்களை எண்ணும் அதே மனம்தான் இங்கும் தேவைப்படுகிறது.

ஹெட்ஃபோனில் கேட்பது போதாது. 1991இல் ஜியாக் கிம் ஸ்திரீட்டின் ஆற்றோரக் கிடங்குகளில் தொடங்கி, 2016ஆம் ஆண்டின் இறுதியில் கிளார்க் கீக்கு இடம் மாறிய ஸூக் போன்ற கிளப் ஒன்றின் நடன அரங்கில் நின்று கேளுங்கள். தாழ்ந்த ஒலி அங்கே மார்பில் உணரப்படுகிறது. எஸ்பிளனேட் இசையரங்கில் நாதம் கூரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பிவந்து இனிமை சேர்க்கிறது என்றால், கிளப்பில் ஒலி நேராக ஸ்பீக்கரிலிருந்து, எதிரொலி குறைவாக, மிக உரக்க வருகிறது. காதடைப்பான் இல்லாமல் போகாதீர்கள். 85 டெசிபலில் எட்டு மணிநேரம் பாதுகாப்பு என்று கொள்ளும் அளவுகோல், 100 டெசிபலில் அதை 15 நிமிடமாகக் குறைத்துவிடுகிறது. பியானோ கலைஞருக்குக் காதுதான் முதலீடு.

இரண்டாம் படி: படைப்பைத் தேர்ந்தெடுத்தல்

கோர்டுகள் நிதானமாக மாறுவதும், ஒரே உருவம் சீராகத் திரும்பத் திரும்ப வருவதும், நடுவில் காலம் நின்றுபோகும் இடங்கள் இல்லாததும் ஆன படைப்பே தொடக்கத்திற்கு ஏற்றது. ஷோப்பனின் நாக்டர்ன்களை முதல் முயற்சிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றின் உயிர் அசைந்துகொடுக்கும் காலத்தில் இருக்கிறது, அதைக் கிக்கோடு கட்டிவைத்தால் உயிர் போய்விடும்.

உரிமை குறித்தும் இப்போதே தெளிவு வேண்டும். சிங்கப்பூர்ச் சட்டப்படி இசையமைப்பாளரின் பதிப்புரிமை அவர் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். 1937இல் மறைந்த ராவெலின் படைப்புகளைத் தடையின்றி மாற்றியமைக்கலாம். 1992இல் மறைந்த மெசியானின் படைப்புகளுக்கு 2062 முடியும்வரை அனுமதி பெற வேண்டும். பாக்கின் இசை பொதுச் சொத்தாக இருந்தாலும், வேறொருவர் வாசித்த ஒலிப்பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தால் அந்தப் பதிவின் உரிமை தனியாகக் குறுக்கே வரும். நீங்களே வாசித்துப் பதிவு செய்தால் அந்தச் சிக்கலே எழாது.

மூன்றாம் படி: கணக்குப் போடுதல்

எடுத்துக்காட்டாக, பாக் 1722இல் தொகுத்த ‘வெல்-டெம்பர்டு கிளாவியர்’ முதல் தொகுதியின் சி மேஜர் பிரிலூடை எடுத்துக்கொள்வோம். பியானோ கற்றவர் கைகளில் ஏற்கெனவே இருக்கும் படைப்பு இது. மொத்தம் 35 பார்கள். கடைசி மூன்று பார்களைத் தவிர மற்றவற்றில் பாருக்கு ஒரு கோர்டு, எட்டுச் சுரங்கள் கொண்ட ஒரே உருவம் இருமுறை. டெம்போவை 124 என்று வைத்து, பாக்கின் பதினாறாம் பங்குச் சுரங்களை எட்டாம் பங்குச் சுரங்களாகப் பாவித்தால், பாக்கின் ஒரு பார் கிளப்பின் இரண்டு பார்களாக விரியும். வாசிப்பின் வேகம் நீங்கள் பழகிய வேகத்திற்கு அருகிலேயே இருக்கும். முழுப் படைப்பும் 70 கிளப் பார்கள், அதாவது ஏறத்தாழ இரண்டே கால் நிமிடம்.

இப்படைப்பின் 24ஆம் பார் தொடங்கி 31ஆம் பார் முடிய, இடது கையின் அடிச் சுரம் ஜி-யிலேயே நிலைத்து நிற்க, மேலே கோர்டுகள் மட்டும் மாறி மாறி இறுக்கத்தை ஏற்றுகின்றன. 32ஆம் பாரில் அடிச் சுரம் சி-க்கு வந்து இறங்குகிறது. கிளப் இசையில் கிக்கை எடுத்துவிட்டு எதிர்பார்ப்பை வளர்த்து, பின் அனைத்தையும் ஒன்றாகத் திருப்பிக் கொண்டுவரும் அமைப்புக்கு இதைவிடப் பொருத்தமான கட்டுமானத்தை நாமாக உருவாக்க முடியாது. அந்த எட்டு பார்கள் கிளப் கணக்கில் சரியாக 16 பார்கள். சுமார் 31 விநாடிகள்.

சிக்கல் அதற்கு முன்னே இருக்கிறது. முதல் 23 பார்கள் 46 கிளப் பார்களாகின்றன. அது எட்டால் வகுபடாது. ஆடுபவர் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார், ஆனால் எட்டின் எல்லையில் மாற்றம் வராவிட்டால் கால் தடுமாறும். ஆகவே முதல் பாரை இருமுறை வாசித்து 24 ஆக்கிக்கொள்ளுங்கள். 48 கிளப் பார்கள் கிடைக்கும். கணக்கு வைத்துச் சமத்தில் வந்து சேர்வது என்று நம் மிருதங்கக் கலைஞர்கள் செய்வதும் இதுவே. உங்கள் இசைக்குறிப்பு பழைய பதிப்பாக இருந்தால், 22ஆம் பாருக்குப் பின் ஷ்வெங்கெ என்பவர் சேர்த்த கூடுதல் பார் ஒன்று அதில் இருக்கக்கூடும். அது பாக் எழுதியதன்று என்பதால் அதை நீக்கிவிட்டு மேற்சொன்னவாறு செய்வதையே நான் விரும்புகிறேன்.

முதல் 16 கிளப் பார்களில் பியானோ மட்டும் ஒலிக்கட்டும். அடுத்த 16இல் ஹைஹேட்டும் கிக்கும் நுழையட்டும். அதற்கடுத்த 16இல் பேஸ். ஜி நிலைத்து நிற்கும் 16 பார்களில் கிக்கை எடுத்துவிடுங்கள். சி-யில் இறங்கும்போது எல்லாம் திரும்பட்டும். ஆனால் அதன்பின் பாக் நமக்குத் தருவது நான்கே பார்கள், கிளப் கணக்கில் எட்டு. ஆட்டம் சூடுபிடிக்க அது போதாது. அந்த நான்கு பார்களின் கோர்டுகளான சி ஏழாம் கோர்டு, எஃப், ஜி ஏழாம் கோர்டு, சி ஆகியவை சி என்ற ஒரே அடிச் சுரத்தின் மேல் நகர்பவை என்பதால், அவற்றைச் சுழலாக எடுத்துக்கொண்டு 64 பார்கள் வரை நீங்களே கற்பனையாக வளர்க்கலாம். எட்டாம் பங்குகளை 3, 3, 2 என்று பிரித்து வலது கையில் கோர்டுகளை அடித்தால் ஹவுஸ் இசைக்கே உரிய நடை வந்துவிடும்.

நான்காம் படி: காலத்தைக் கட்டுதல்

மெட்ரோனோமோடு வாசிப்பது தெரியும் என்று நினைப்பவர்கள்கூட கிக்கோடு வாசிக்கும்போது திணறுகிறார்கள். காரணம், செவ்வியல் பயிற்சி வாக்கியத்தின் இறுதியில் மூச்சுவிடக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அந்த மூச்சு ஒவ்வொரு நான்காம் பாரிலும் அரைக்கணம் தாமதமாக வெளிப்பட்டுவிடும். மோட்சார்ட் 1777இல் தம் தந்தைக்கு எழுதிய கடிதம் ஒன்றில், மெதுவான பகுதிகளில் வலது கை நெகிழ்ந்தாலும் தம் இடது கை காலம் தவறாமல் செல்வதைப் பிறர் புரிந்துகொள்வதில்லை என்று குறிப்பிடுகிறார். நமக்குத் தேவையான ருபாட்டோ அதுதான். கிக் இடது கையின் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. அதன் மேல் வலது கையின் மேல்வரிசை சற்றுப் பின்தங்கியோ முந்தியோ செல்லலாம், ஆனால் பாரின் முதல் பீட்டில் வந்து சேர்ந்தாக வேண்டும்.

பயிற்சிக்கு ஒரு முறை சொல்கிறேன். முதலில் எல்லாப் பீட்டிலும் ஒலிக்கும் கிளிக்கோடு வாசியுங்கள். பிறகு இரண்டிலும் நான்கிலும் மட்டும் கிளிக் ஒலிக்கட்டும். அடுத்து நான்கு பார்களுக்கு ஒருமுறை மட்டும். கடைசிக் கட்டத்தில் கிளிக் வரும்போது நீங்களும் அதே இடத்தில் இருந்தால் காலப்பிரமாணம் உங்களுக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். பதிவு செய்தபின் கணினியில் சுரங்களை இயந்திரத்தனமாக நேர்ப்படுத்தும் குவாண்டைஸ் வசதியைப் பியானோ வரிசைக்கு முழு அளவில் பயன்படுத்தாதீர்கள். தொடுகையின் சிறு ஏற்றத்தாழ்வுகளை அது அழித்துவிடும்.

ஐந்தாம் படி: கீழ்ச் சுரங்களை ஒப்படைத்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்ற நேரமிருந்தால் இதைப் பின்பற்றுங்கள். கிக்கின் அடிப்படை அதிர்வு பொதுவாக 50, 60 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. பியானோவில் அடிச் சி-க்கு ஓர் ஆக்டேவ் மேலுள்ள சி 65 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழுள்ள ஜி 49. அரங்கில் நாம் பெருமையுடன் முழங்கும் இடது கை ஆக்டேவ்கள், கிளப்பின் சப்வூஃபரில், அதாவது தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரில், கிக்கும் பேஸும் வசிக்கும் அதே அறைக்குள் நுழைகின்றன. விளைவு, எதுவும் தெளிவாகக் கேட்காத ஒரு கலங்கல்.

ஆகவே பியானோ ஒலியில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹைபாஸ் ஃபில்டரால் படிப்படியாகக் குறையுங்கள். தேவைப்பட்டால் 200 வரை செல்லலாம். இடது கையை அழித்துவிட்டோமே என்று அஞ்ச வேண்டாம். பியானோவின் கீழ்க் கம்பிகளில் அடிப்படை அதிர்வு இயல்பிலேயே வலுக்குறைந்தது. நாம் கேட்பதில் பெரும்பகுதி அதன் மேலதிர்வுகளே. அவை மிஞ்சியிருக்கும்வரை, இல்லாத அடிப்படைச் சுரத்தை நம் செவியே நிரப்பிக்கொள்ளும்.

அடுத்து, பேஸ் ஒலியை மின்னணு முறையில் உருவாக்கும் சிந்தசைசரின் ஆட்சியைக் கணினியிடம் விட்டுவிடாமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கும் சுரங்களைத் தகவலாக ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பும் மிடி இணைப்பின் மூலம், நீங்கள் வாசிக்கும் மிகக் கீழான சுரம் மட்டும் சிந்தசைசருக்குச் செல்லும்படி அமைக்கலாம். கோர்டு எப்போது மாற வேண்டும் என்பதை அப்போது உங்கள் இடது கையின் சிறுவிரலே தீர்மானிக்கும். நடன அரங்கு முழுவதும் அதிரும் பேஸ் உங்கள் தொடுகைக்குக் கட்டுப்பட்டதாக இருக்கும். அந்த பேஸை 40 முதல் 65 ஹெர்ட்ஸ் எல்லைக்குள் வைத்திருங்கள். 33 ஹெர்ட்ஸில் உள்ள அடிச் சி-யைச் சிறிய கிளப்களின் ஸ்பீக்கர்கள் பலவும் சரியாக வெளிப்படுத்த இயலாது. தாழ்ந்த அதிர்வுகள் இரு பக்க ஸ்பீக்கர்களிலும் ஒன்றுபோல், மோனோவாக இருக்கட்டும்.

சைட்செயின் கம்ப்ரஷன் என்ற உத்தி, கிக் ஒலிக்கும் கணத்தில் பியானோவைச் சற்றுத் தாழ்த்தி உடனே உயர்த்திவிடும். கொஞ்சமாகப் பயன்படுத்தினால் இசைக்கு மூச்சு கிடைக்கிறது. மிகுந்தால் பியானோ விக்குவதுபோல் ஒலிக்கும்.

ஆறாம் படி: பெடலும் தொடுகையும்

புதிய கோர்டை அழுத்திய அதே கணத்தில் பெடலை விட்டு, உடனே மீண்டும் மிதிப்பதே நாம் கற்ற முறை. கிக் விழும் கணத்தில் பழைய கோர்டின் மிச்சம் இன்னும் அடங்கிக்கொண்டிருப்பதால், கிளப்பில் இம்முறை ஒலியை மங்கச் செய்கிறது. கிக்குக்கு எட்டாம் பங்கு முன்னதாகவே காலை எடுத்துவிடப் பழகுங்கள். கால் பல ஆண்டுப் பழக்கத்தை மாற்ற மறுக்கும், பொறுமையாகச் செய்யுங்கள்.

தொடுகை பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. இசையரங்கில் மிக மென்மையிலிருந்து மிக வன்மை வரை செல்லும் பியானோவின் வீச்சுக்குக் கிளப்பில் இடமில்லை. மென்மையாக வாசித்தது கூட்டத்தின் பேச்சொலியில் கரைந்துவிடும். ஆகவே ஒலிப்பொறியாளர் கம்ப்ரஸரால் அந்த வீச்சைச் சுருக்குவார். ஒலியளவின் வழியே சொல்ல முடியாததை நிறத்தின் வழியே சொல்வதுதான் இதற்கு மாற்று. இயற்கையான பியானோவிலேயே பலமாக அடிக்கும்போது சுத்தியலின் கம்பளி உறை இறுகி, மேலதிர்வுகள் பெருகி, நாதம் பளிச்சென்று ஆகிறது. மிடியில் ஒவ்வொரு சுரத்தின் அழுத்தமும் 1 முதல் 127 வரை எண்ணாகப் பதிவாகிறது. அந்த எண்ணைச் சிந்தசைசர் ஃபில்டரின் திறப்போடு இணைத்துவிட்டால், விரலின் எடைக்கேற்ப ஒலி இருளவோ ஒளிரவோ செய்யும். கோர்டின் மேல் சுரத்தை மட்டும் தனித்து எழச் செய்யும் திறமையை ஆண்டுக்கணக்கில் பயின்றிருக்கிறீர்கள். பொத்தானைத் திருகி இதைச் சாதிக்க நினைப்பவரிடம் இல்லாத செல்வம் அது.

ஏழாம் படி: கருவியும் இணைப்பும்

சிறிய கிளப்பில் கிராண்ட் பியானோவை மைக் வைத்து ஒலிபெருக்குவது கடினம். பேஸ் ஒலி மைக்குக்குள் திரும்பி நுழைந்து ஊளையிடும். 88 எடையுள்ள கட்டைகள் கொண்ட நல்ல ஸ்டேஜ் பியானோவே அங்கே பொருத்தம். அலிவால் கலை நிலையம் போன்ற இடங்களில் வாசிக்கும்போது உண்மையான பியானோவை நாடலாம். அப்போது மூடியைத் தாழ்த்தி, உட்புறம் தட்டை வகை பவுண்டரி மைக்குகளைப் பொருத்தச் சொல்லுங்கள்.

உண்மையான பியானோ என்றால் சுருதியை அன்றே அளந்து பார்க்க வேண்டும். நம் ஊரின் ஈரப்பதமும் அரங்கின் குளிரூட்டியும் பியானோவின் ஒலிப்பலகையை மாறி மாறி விரியவும் சுருங்கவும் செய்கின்றன. சிந்தசைசர் 440இல் இருக்க, பியானோ 442இல் இருந்தால் இடைவெளி ஏறத்தாழ 8 சென்ட் (சென்ட் என்பது அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு). ஒரே சுரத்தை இரண்டும் வாசித்தால் அலையடிப்பது தெளிவாகக் கேட்கும். சிந்தசைசரை பியானோவுக்கு ஏற்ப மாற்றுங்கள். மேலும், பியானோவின் உச்சச் சுரங்கள் சற்று ஏற்றியும் அடிச் சுரங்கள் சற்று இறக்கியும் சுருதி சேர்க்கப்படுவதால், இரு கருவிகளையும் ஒன்றாக வாசிப்பதை நடு ஆக்டேவ்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கணினியின் தாமதத்தையும் கவனியுங்கள். விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்ற அளவில், கணினி ஒருமுறைக்குச் சேர்த்துக் கையாளும் மாதிரிகளின் எண்ணிக்கையான பஃபரை 128ஆக வைத்தால் தாமதம் சுமார் 2.7 மில்லிவிநாடி, 512ஆக வைத்தால் 10.7. பின்னதை விரல்கள் உணர்ந்துவிடும். அதைவிடப் பெரிய தாமதம் காற்றில் இருக்கிறது: பத்து மீட்டர் தொலைவிலுள்ள ஸ்பீக்கரின் ஒலி ஏறக்குறைய 29 மில்லிவிநாடி கழித்தே உங்களை எட்டும். அரங்கின் ஸ்பீக்கரைக் கேட்டு வாசிக்காமல், அருகில் மானிட்டர் ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள்.

வீவக அடுக்குமாடி வீட்டில் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டால் அண்டை வீட்டாருக்குத் தொல்லை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். கட்டைகள் அடிபடும் அதிர்வு தரை வழியே கீழ்வீட்டுக்கு இறங்கும்; கருவியின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். பேஸை முழு ஒலியில் சோதிக்க, மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஜாமிங் ஸ்டூடியோவை (இசைக்குழுக்களின் ஒத்திகை அறையை) நாடுவதே முறை.

எட்டாம் படி: மேடை

பொது நிகழ்ச்சிக்கான உரிமம், இசை உரிமத்துக்கென இசையமைப்பாளர், பாடலாசிரியர் உரிமைகளை நிர்வகிக்கும் காம்பஸ் சங்கத்திடம் பெறவேண்டிய அனுமதி ஆகியவை இடத்தின் உரிமையாளரிடம் ஏற்கெனவே உள்ளனவா, நீங்கள் விண்ணப்பிக்க வேண்டுமா என்பதை ஒப்புக்கொள்ளும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒலிச்சோதனையில் கிக்கை மட்டும் முதலில் ஒலிக்கவிட்டு, அதன்மேல் பேஸ், அதன்மேல் பியானோ என்ற வரிசையில் சேருங்கள். பியானோவை முதலில் அமைத்தால் அதற்கு அளவுக்கு மீறிய இடம் கொடுத்துவிடுவோம். யாராவது ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் அரங்கின் நடுவில் நின்று கேளுங்கள். கூட்டம் நிறைந்தபின் மேல் அதிர்வுகள் உடல்களில் உறிஞ்சப்பட்டு ஒலி சற்று மந்தமாகும் என்பதால், காலி அரங்கில் பியானோ கொஞ்சம் கூர்மையாக இருப்பதே சரி.

உங்களுக்கு முன்னும் பின்னும் டிஜேக்கள் இருப்பார்கள். முடிவில் பியானோவை நிறுத்திய பிறகும் கிக்கையும் ஹைஹேட்டையும் 32 பார்கள் ஓடவிடுங்கள். 124 டெம்போவில் அது ஒரு நிமிடத்திற்குச் சற்றே அதிகம், அடுத்தவர் தம் இசையைக் கலந்து எடுத்துக்கொள்ள அது போதும். உங்கள் கடைசிப் பகுதியின் டெம்போவையும் ஆதார சுருதியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, நிகழ்ச்சி தொடங்குமுன்பே அவரிடம் கொடுத்துவிடுங்கள்.